பெயருக்குத்தானே இந்தத் தடுப்பு!

கல்வி எல்லோருக்கும் உரியது என்பதை இன்று மறுப்பார் இலர். மேடையில் மறுப்பதில்லை, ஏட்டில் மறுப்பதில்லை, சட்டமன்றத்தில் மறுக்கும் துணிவோ எவருக்கும் வருவதில்லை. 1948 டிசம்பர் 10 ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனம், கல்வி ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமை என்று தன் 26 ஆவது விதியிலே சாற்றுகிறது. 1950 சனவரி 26 இல் நடைமுறைக்கு வந்த நமது அரசியல் சட்டத்தின் 29 ஆவது விதி, அரசு நடத்தும் கல்விக்கூடத்திலோ அரசின் பொருளுதவி பெறும் கல்விக்கூடத்திலோ சாதி, மதம், இனம், மொழி காரணமாக எவருக்கும் இடம் மறுக்கலாகாது என்கிறது. கதவு திறந்தாயிற்று, இன்னும் என்ன குறை என்று கேட்போர் பலர். நாம் கேட்க விரும்புவது வேறொன்று. உள்ளே வா என்று அழைத்துவிட்டு, உட்கார வேறிடம் காட்டினால், அது உரிமையை அளித்ததாகுமா?

வேலையற்றவர் வாதத்துக்காகக் கிளப்பும் வினா என்று தள்ளிவிட வேண்டாம். ஒரு நாட்டின் உச்சநீதிமன்றமே உட்கார்ந்து இதற்கு விடை கூற வேண்டியிருந்தது.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஓக்லஹோமா என்றொரு மாநிலம். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பள்ளியில் பயில்வது அங்கே குற்றம். நடத்துபவருக்குக் குற்றம், கற்பிக்கும் ஆசிரியருக்குக் குற்றம், கற்க வரும் மாணவருக்கும் குற்றம்! சட்டம் அப்படி. ஜார்ஜ் மெக்லாரின் என்ற கறுப்பினப் பெரியவர், முதுநிலைப் பட்டம் பெற்றவர், ஆசிரியப் பணியிலே ஆண்டு பல கழித்தவர், கல்வித் துறையில் டாக்டர் பட்டம் பெற விரும்பி 1948 இல் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வாயிலைத் தட்டினார். நிறத்தைக் காட்டி மறுத்தனர். அவர் வழக்காடினார். அவரை மறுப்பது செல்லாது என்றது நீதிமன்றம். வேறு வழியின்றிச் சேர்த்துக்கொண்டனர். ஆனால் மாநிலச் சட்டசபை சும்மா இருக்கவில்லை. ஒரு திருத்தம் கொண்டுவந்தது. சேர்க்கலாம், பிரித்து வைத்தே கற்பிக்க வேண்டும்!

ஒரு மனிதரைப் பிரித்து வைப்பது எப்படி? வழி கண்டுபிடித்தார்கள். வகுப்பறையை ஒட்டிய சிற்றறையில் ஒரு மேசை. அங்கே அமர்ந்து பாடம் கேட்டுக்கொள்ளலாம். நூலகத்தின் இடைத்தளத்தில் ஒரு மேசை. பொது வாசிப்புக் கூடத்தில் அமரலாகாது. உணவுச் சாலையில் ஒரு மேசை. பிறர் உண்ணும் நேரத்தில் உண்ணலாகாது. வழக்கு மேல் நீதிமன்றத்தை நோக்கி நகர்ந்தபோது மாநிலத்தார் சற்றே இரங்கினர். வகுப்பறைக்குள்ளேயே இடம் தந்தனர். சுற்றிலும் தடுப்புச் சட்டம் அடித்து, இது கறுப்பருக்கு என்று பலகை மாட்டினர். பிறகு பலகையும் இறங்கிற்று. கறுப்பருக்கென ஒரு வரிசை மட்டும் எஞ்சிற்று. உணவு நேரமும் ஒன்றாயிற்று. மேசை மட்டும் வேறு. பந்திக்குக் காத்து நிற்கும்போது அவர் பிறரோடு பேசலாம், உண்ணும்போது மட்டும் ஒதுங்கிவிட வேண்டும்!

இவ்வளவையும் செய்துவிட்டு அரசுத் தரப்பார் நீதிமன்றத்தில் சொன்னது என்ன தெரியுமா? இந்தப் பிரிவினை வெறும் பெயரளவானது என்றனர். அதே ஆசிரியர், அதே பாடம், அதே நூல். எதிலே குறை வைத்தோம் என்றனர்.

பெயருக்குத்தானே! எவ்வளவு எளிய சொல், எத்துணை வசதியான சொல்! பெயருக்குத்தான் என்றால் அந்தப் பெயரை விட்டுவிட என்ன தடை? ஒன்றுமில்லாத ஒன்றுக்காகச் சட்டசபை கூடுமா, திருத்தம் தீட்டுமா, தச்சனை அழைத்துத் தடுப்பு அடிக்குமா, உச்சநீதிமன்றம் வரை வழக்கறிஞரை அனுப்புமா? சிறிது என்று வாயால் சொல்லியபடியே விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் எதுவும் சிறிதாக இருப்பதில்லை. அடியும் அங்குலமும் கொண்டு அளந்தால் அந்தத் தடுப்பு சிறியதுதான். அது சொல்லும் சேதி பெரிது. அந்தச் சேதிக்காகத்தான் அதை நட்டனர்.

1950 சூன் 5 ஆம் நாள் தலைமை நீதிபதி வின்சன் தீர்ப்பை வழங்கினார். நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக ஏற்ற தீர்ப்பு. கற்பது என்பது ஆசிரியர் வாயிலிருந்து மாணவர் செவிக்குப் போகும் ஒலி மட்டுமன்று. உடன் பயில்வோரோடு உரையாடி, மாறுபட்டு, கருத்தைக் கொடுத்தும் கொண்டும் நடப்பது. அதை இந்தக் கட்டுப்பாடு கெடுக்கிறது. ஆகவே அவருக்குக் கிடைப்பது சமமான கல்வியன்று என்றனர். நாளை அவர் ஆசிரியராகும்போது அவரிடம் பயில்வோரும் இழப்புக்கு ஆளாவர் என்றும் எண்ணிப் பார்த்தனர். நான்காண்டு கழித்து, 1954 இல், தனித்தனிப் பள்ளிகளே கூடாது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, இந்த வழக்கும் அதற்குப் படிக்கட்டாயிற்று.

கடல் கடந்த கதை, நமக்கென்ன என்று மூச்சுவிடுவோர் அவசரப்பட வேண்டாம். ஓக்லஹோமாவுக்குக் கால் நூற்றாண்டு முன்பே நமது திருநெல்வேலிச் சீமை இந்தப் பாடத்தைப் படித்திருக்கிறது. சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலம், தேசியக் கல்விக்கென்று எழுந்தது. எல்லாச் சாதியாரும் பொருள் வழங்கினர். காங்கிரசும் நிதி தந்தது. அங்கே பார்ப்பனச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவு பரிமாறப்படுகிறது என்ற செய்தி வெளிவந்தது. 1924, 1925 ஆம் ஆண்டுகளில் அது பெரும் புயலாயிற்று. டாக்டர் வரதராசுலு நாயுடு எதிர்த்தார்; அந்நாளில் காங்கிரசிலே இருந்த பெரியார் எதிர்த்தார். ஐயர் தரப்பின் விடை யாது? பெற்றோர் வேண்டிக்கொண்டனர், இணங்கினோம். இரண்டே பிள்ளைகள், மற்றெல்லோரும் ஒன்றாகத்தான் உண்கின்றனர்!

இரண்டு பிள்ளைகள்தாமே! ஓக்லஹோமாவிலே ஒருவரை ஒதுக்கினர். சேரன்மாதேவியிலே இருவரை உயர்த்தினர். கணக்கு வேறாகத் தோன்றலாம். தனி இலையில் அமர்ந்த அந்த இருவர், பொதுப் பந்தியில் அமர்ந்த அத்தனை பிள்ளைகளையும் வாய் திறவாமலே தாழ்த்தினரன்றோ? பிள்ளைகள் மீது நாம் பழி போடவில்லை. அவர்களுக்கு என்ன தெரியும்? ஐயரும் கொடியவர் அல்லர். நல்லவர்கள் இணங்கிப் போவதால் நிலைக்கும் கொடுமைகள்தான் மிகுதி.

அண்ணல் அம்பேத்கர் சதாராவில் பயின்ற நாளை நினைத்துப் பாருங்கள். வகுப்பறையில் அவருக்கு இடமுண்டு. அமர்வதற்கு ஒரு கோணித் துண்டு. மாலையில் அதைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும், காலையில் மீண்டும் கொண்டுவர வேண்டும்; பள்ளியைப் பெருக்கும் ஆள்கூட அதைத் தொட மாட்டார். தாகமெடுத்தால் குழாயைத் தாமே திறக்கலாகாது. பணியாள் வந்து திறக்க வேண்டும். பணியாள் இல்லாத வேளையில் தாகத்தோடு இருக்க வேண்டும். பள்ளிப் பதிவேட்டைப் புரட்டினால் அவர் பெயர் இருக்கும்; சேர்க்கப்பட்டார் என்றே இருக்கும். கோணித் துண்டு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. 1960 டிசம்பரில் யுனெஸ்கோ மன்றம் ஏற்ற உடன்படிக்கை, கல்வியில் பாகுபாடு எது என்று வரையறுத்தபோது, இடம் மறுப்பதோடு நிற்கவில்லை. மனித மாண்புக்கு ஒவ்வாத நிலையிலே ஒருவரை இருத்துவதும் பாகுபாடே என்று சேர்த்துக்கொண்டது. அந்தக் கோணியை அறிந்தவர்கள் எழுதியதுபோல் இருக்கிறது!

அந்தக் கோணி அதன்மேல் அமர்ந்தவருக்கு மட்டும் பாடம் சொல்லவில்லை. பலகையில் அமர்ந்த பிள்ளைகளும் நாள்தோறும் அதைப் பார்த்தார்கள். கணக்கைக் கற்றார்கள், வரலாற்றைக் கற்றார்கள். கூடவே, எவரும் வாய்விட்டுக் கற்பிக்காத இன்னொரு பாடத்தையும் கற்றார்கள். கணக்கை மறந்தவர் உண்டு. அந்தப் பாடத்தை மறந்தவர் மிகச் சிலரே.

இனிக் கடினமான பகுதிக்கு வருகிறோம். மெக்லாரின் வழக்கிலே நீதிபதிகள் ஓர் எல்லைக் கோடு வகுத்தனர். தடுப்பை எடுத்துவிட்டால் மாணவர்கள் அவரோடு பழகிவிடுவார்களா? பழகாமலும் போகலாம். அது அவரவர் மனம். ஆனால் பழக விரும்புவோருக்கும் அவருக்கும் இடையே அரசு குறுக்கே நிற்கலாகாது என்றனர். அந்நாளைக்கு அது வீரமிக்க தீர்ப்பு, ஐயமில்லை. ஆயினும், அரசு விலகி நின்றுவிட்டால் போதுமா?

நமது நாட்டு நடப்பு போதாது என்கிறது. 2018 இல் திருப்பூர் மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில், சத்துணவு சமைக்கத் தாழ்த்தப்பட்ட சமூகத்து அம்மையார் ஒருவர் வந்தார். அவர் சமைத்ததை எங்கள் பிள்ளைகள் உண்ண மாட்டார்கள் என்று ஊரிலே ஒரு சாரார் கிளம்பினர். அதிகாரி அந்த அம்மையாரை இடம் மாற்றினார். கண்டனம் எழுந்த பின்னரே மாற்றல் நீக்கப்பட்டது; எதிர்த்தவர்கள் மீது வழக்கும் பதிவாயிற்று. சேரன்மாதேவியின் பந்தி 90 ஆண்டு கழித்து அடுப்படி வரை வந்திருந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பள்ளி மாணவர் ஒருவரை உடன் பயின்ற மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அந்த வகுப்பறையில் அரசு எந்தத் தடுப்பையும் நடவில்லை. சட்டம் எவரையும் கோணியில் அமர்த்தவில்லை. பிள்ளைகள் தடுப்பை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தனர்.

தென் மாவட்டப் பள்ளிகளிலே மாணவர் மணிக்கட்டில் வண்ணக் கயிறு கட்டி வருவதும், நிறம் பார்த்துச் சாதி அறிவதும் நெடுநாளாக நடப்பவை. 2019 இல் கல்வித் துறை இதைத் தடுக்கச் சுற்றறிக்கை விட்டபோதும், நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 சூனில் தன் அறிக்கையை அளித்துக் கயிறு முதலிய அடையாளங்களைத் தடுக்கப் பரிந்துரைத்தபோதும், எழுந்த மறுப்பு என்ன? ஒரு முழக் கயிறு! பிள்ளையின் விருப்பம், பெற்றோரின் நம்பிக்கை. இதில் அரசுக்கென்ன வேலை?

கேட்ட குரலாக இல்லையா? பெயருக்குத்தானே என்ற அதே குரல்!

ஆயினும் இந்த மறுப்பிலே ஒரு நியாயத்தின் சாயல் உண்டு. அதை எள்ளிவிட்டு ஓடுவது பகுத்தறிவாகாது. ஒருவன் எதை அணிவது, எதை நம்புவது என்பதில் அரசு கைவைத்தால் நாளை எங்கே நிற்கும் என்ற அச்சம் பொய்யச்சமன்று. உடையிலும் உணவிலும் நுழைந்து அரசுகள் ஆடிய ஆட்டத்தை உலகம் கண்டிருக்கிறது. அதனால்தான் ஒன்றை ஆய்ந்து பார்க்க வேண்டும்: இந்தக் கயிறு கட்டியவனோடு நின்றுவிடுகிறதா? நாலு நிறக் கயிறு கட்டிய நாற்பது பேர் கொண்ட வகுப்பில், எதையும் கட்டாமல் வரும் பிள்ளையின் நிலை யாது? அவனது வெறுங்கையும் ஓர் அடையாளமாகிவிடுகிறது. நீ யார், எந்தத் தெரு என்ற கேள்வி அவனைச் சுற்றிக்கொள்கிறது. சாதி வேண்டாம் என்றிருக்க விரும்பும் பிள்ளைக்கும் அந்த வகுப்பில் வழியில்லை. அவனது சுதந்தரத்தை யார் காப்பது? கட்டுபவனின் விருப்பத்தைப் பேசுவோர், கட்டாதவனின் விருப்பத்தை ஒரு சொல்லாலும் குறிப்பதில்லை.

கயிற்றை அறுத்தால் சாதி அறுந்துவிடும் என்று நம்பும் அளவுக்கு நாம் பேதையர் அல்லர். கயிறு போனால் செருப்பின் நிறம் வரும், கைப்பேசிப் படம் வரும், தேடிப் பிடிப்பார்கள். சந்துரு குழுவும் கயிற்றோடு நிற்கவில்லை. பள்ளிகளின் பெயரில் ஒட்டியுள்ள சாதிப் பெயரை எடுக்கச் சொன்னது. வகுப்பறையில் பிள்ளைகளை அகர வரிசைப்படி உட்கார வைக்கச் சொன்னது. இந்தக் கடைசிப் பரிந்துரை பலர் கண்ணில் படவில்லை. செலவில்லாத காரியம் என்பதாலோ என்னவோ!

அகர வரிசை! ஓக்லஹோமாவிலே நிறம் பார்த்து வகுத்த வரிசையை எழுத்துப் பார்த்து வகுப்பது. ஆண்டு தொடக்கத்தில் ஆசிரியர் பெயர்ப் பட்டியலை எடுத்துப் படிக்க வேண்டும். படித்த முறைப்படி அமர்த்த வேண்டும். மறுநாளே ஒரு தந்தை வந்து நிற்பார், என் பிள்ளையை வேறிடத்தில் உட்கார வையுங்கள், சும்மா பெயருக்குத்தான், ஒரு பெஞ்சு தள்ளி என்பார். அவரிடம் அந்த ஆசிரியர் என்ன சொல்கிறார், அவர் அப்படிச் சொல்லும்போது தலைமையாசிரியரும் கல்வி அதிகாரியும் எவர் பக்கம் நிற்கிறார்கள் என்பதைத்தான் நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.