மறதி நோயும் கஞ்சா மருந்தும்



சென்ற ஜும்ஆவுக்குப் பின் ஒரு சகோதரர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். அவருடைய வாப்பாவுக்கு அல்ஜைமர் என்னும் மறதி நோய். அஸரை மூன்று முறை தொழுகிறாராம். பெற்ற மகனையே பார்த்து, "தம்பி, நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?" என்கிறாராம். கஞ்சாச் சத்து இதைக் குணமாக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "ஹஜ்ரத், கொடுக்கலாமா?" என்றார்.

அறிந்திருந்த பின் ஒன்றும் அறியாத நிலைக்குத் தள்ளப்படும் வயதைப் பற்றி அல்லாஹ் தஆலா சூரத்துந் நஹ்லில் கூறுகிறான். அத்தகைய தள்ளாமையை விட்டும் நம் நபி (ஸல்) அவர்களே பாதுகாவல் தேடியிருக்கிறார்கள். அந்த மகனின் கண்ணீரை லேசாக எண்ணலாகாது.

முதலில் செய்தியைப் பார்ப்போம். 2016ல் அமெரிக்காவின் ஸால்க் ஆய்வு நிலையத்தில், போதை தரும் டி.எச்.சி. என்ற கஞ்சாச் சத்து, அமிலாய்டு என்னும் புரதக் கசடை மூளை உயிரணுக்களிலிருந்து நீக்கக் கண்டார்கள். ஆனால் அவை ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்கள், மனிதர்கள் அல்லர்! 2015ல் நெதர்லாந்தில் மறதி நோயாளிகள் 50 பேரிடம் சோதித்தபோது, அச்சத்து அவர்களின் படபடப்பைக்கூடத் தணிக்கவில்லை. 2019ல் கனடாவில் நாபிலோன் என்ற செயற்கை மருந்து ஆவேசத்தைக் குறைத்தது. தூக்க மயக்கமும் கூடியது. போன நினைவு திரும்பியதாக எவரும் நிரூபிக்கவில்லை.

இனி சட்டம். போதை தருவது ஹராம். இதில் இரு பேச்சில்லை. மதுவை மருந்தாக்கக் கேட்டவரையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஆயினும் கஞ்சா மதுவைப் போல் நஜீஸ் அல்ல என்பது நம் ஷாஃபிஈ ஃபுகஹாக்களின் சொல். அழுகிய கையை வெட்டியெடுக்க, மது அல்லாத மயக்க மருந்து கொடுப்பதை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் அனுமதித்துள்ளார்கள். ஆகவே, வேறு ஹலாலான மருந்து இல்லாமல், நம்பகமான வைத்தியர் பயனுண்டு என்று கூறினால், தேவையான அளவு மட்டும் கூடும். போதையே தராத சி.பி.டி. போன்ற சத்துக்குப் போதையின் ஹுக்மும் இல்லை.

இந்தச் சகோதரரின் வாப்பாவுக்கோ எந்த வைத்தியரும் எழுதித் தரவில்லை. இருட்டில் எண்ணெய் விற்பவன் வைத்தியனா? மிஞ்சியிருக்கும் அறிவையும் நாமே மயக்கலாமா? கூடாது என்றே சொன்னேன்.

பிறகு மெல்லத் தொழுகையைப் பற்றிக் கேட்டார். அறிவு நீங்கிய நேரத்தில் அவர் மீது தொழுகை கடமையில்லை, களாவும் இல்லை. தெளிவு வரும்போது பக்கத்தில் நின்று தொழ வையுங்கள். மூன்றாம் முறையும் அஸருக்குத் தக்பீர் கட்டினால், அஸருக்குப் பின் நஃபில் இல்லையே என்று அவரிடம் சட்டம் பேசாதீர்கள். ஸலாம் கொடுக்கும் வரை முஸல்லாவின் அருகில் உட்கார்ந்திருங்கள்.