பொம்மையின் முதுகில் எழுதியிருப்பது

"அண்ணே, நம்ம சின்ன வயசையே கெடுத்துட்டானுங்கண்ணே."

2021 ஜூலையில் காப்பாரில் என் நண்பர் ஒருவர் சொன்னது இது. நெட்ஃபிளிக்ஸில் 'மாஸ்டர்ஸ் ஆஃப் தி யூனிவர்ஸ்: ரெவலேஷன்' வந்திருந்த வாரம். முதல் அத்தியாயத்திலேயே ஹீ-மேன் செத்துப்போகிறான். அதற்குப் பிறகு கதை டீலா என்ற பெண்ணின் பின்னால் போகிறது. நண்பருக்கு நாற்பது தாண்டிவிட்டது, இரண்டு பிள்ளைகள், கிள்ளான் துறைமுகத்தில் வேலை. ஆனாலும் கோபம் உண்மையான கோபம். அந்தத் தொடரின் முன்கதையாக டார்க் ஹார்ஸ் வெளியிட்ட காமிக்ஸையும் சேர்த்தே திட்டினார். அதை அவர் படித்திருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அவரைக் கிண்டல் செய்வது சுலபம். எனக்கு அந்தப் புகாரை அப்படியே எடுத்து வைத்துப் பார்க்கத் தோன்றியது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ், ஜி.ஐ. ஜோ, தண்டர்கேட்ஸ், ஹீ-மேன் என்று எண்பதுகளின் பொம்மைகளும் கார்ட்டூன்களும் வரிசையாகக் காமிக்ஸாகத் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. திரும்பக் கொண்டுவருகிறவர்களுக்கு ஏதாவது கடமை இருக்கிறதா? இருந்தால் யாருக்கு? பழைய கதைக்கா, நமக்கா, இன்றைய பிள்ளைகளுக்கா?

பழைய கதைக்கு என்று சொல்வதில் முதல் சிக்கல், எந்தப் பழைய கதை என்பதுதான். மேட்டல் நிறுவனம் 1982-ல் ஹீ-மேன் பொம்மையை விற்கத் தொடங்கியபோது பெட்டிக்குள் உள்ளங்கை அளவில் ஒரு சின்னப் புத்தகம் வைத்தது. முதல் புத்தகங்களை எழுதியவர் டான் கிளட், வரைந்தவர் பிலிப்பைன்ஸ்காரரான ஆல்ஃபிரெடோ அல்காலா. அதில் ஹீ-மேன் காட்டில் தன் குலத்தைவிட்டுக் கிளம்பி வரும் ஒரு போர்வீரன். அரண்மனை கிடையாது, இளவரசன் ஆடம் கிடையாது, பயந்து நடுங்கும் புலியும் கிடையாது. இளவரசன் அதே ஆண்டு டிசி காமிக்ஸ் வழியாக வந்தான். 1983-ல் ஃபில்மேஷன் நிறுவனம் கார்ட்டூன் எடுத்து, 130 அத்தியாயங்களில் அந்த இளவரசனையே நிலைநாட்டிவிட்டது. என் நண்பர் 'ஒரிஜினல்' என்று கும்பிடும் ஹீ-மேன் உண்மையில் மூன்றாவது ஆள். கார்ட்டூன் வந்தபோது அல்காலாவின் காட்டுவீரனை நேசித்த ஏதோ ஒரு பையனும் 'கெடுத்துட்டானுங்க' என்று சொல்லியிருப்பான்.

இதில் நமக்கு அதிர்ச்சி எதுவும் இருக்கத் தேவையில்லை. பாரதக் கூத்தில் கட்டியங்காரன் ஊர்க் கதையைப் பேசித் துரியோதனனைக் கேலி செய்தால் வியாசருக்குத் துரோகம் என்று யாரும் எழுந்து போவதில்லை. கோயிலில் கும்பாபிஷேகம் என்றால் முதலில் பாலாலயம் செய்து சாமியின் சக்தியை வேறிடத்துக்கு மாற்றிவைக்கிறோம், சுதையை உடைத்துப் பூசுகிறோம், வண்ணத்தை மாற்றுகிறோம். திருப்பணி முடிந்ததும் சாமி பழையபடி வந்து உட்கார்ந்துகொள்கிறது. புதுப்பித்தல் என்பது நம் ஊரில் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் சாதாரணக் காரியம்.

ஆனால் இந்த ஒப்பீட்டை ரொம்ப தூரம் இழுத்துக்கொண்டு போக முடியாது. பாரதத்துக்கு உரிமம் கிடையாது. ஆப்டிமஸ் பிரைம் ஹாஸ்ப்ரோவின் சொத்து. ஐடிடபிள்யூ பதிப்பகம் 2005-ல் தொடங்கிப் பதிமூன்று ஆண்டுகள் ஒரே தொடர்ச்சியாக டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதைகளை வளர்த்தது. 2018-ல் அதை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. 2022 முடிவில் உரிமமும் கைமாறியது. அடுத்த ஆண்டு ஸ்கைபவுண்ட் பதிப்பகம் இன்னொரு முதலிலிருந்து தொடங்கியது. கூத்துக்காரர் செத்தால் அவர் மாணவர் வேஷம் கட்டுவார். இங்கே ஒப்பந்தம் முடிந்தால் பாத்திரங்கள் பட்ட பாடெல்லாம் படாததாகிவிடும்.

பிறப்பும் அப்படித்தான். இவை விற்பனைக்காகப் பிறந்தவை. அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. 1982-ல் ஜி.ஐ. ஜோ சிறிய உருவத்தில் மறுபடி வந்தபோது, அமெரிக்கத் தொலைக்காட்சிப் பொம்மை விளம்பரத்தில் எவ்வளவு நேரம் அனிமேஷன் காட்டலாம் என்பதற்குக் கட்டுப்பாடு இருந்தது. காமிக்ஸ் புத்தகத்தை விளம்பரம் செய்தால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே மார்வெல் காமிக்ஸுக்கு அனிமேஷன் விளம்பரம் எடுத்தார்கள். புத்தகத்தைக் காட்டிப் பொம்மையை விற்றார்கள். 1986-ல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படத்தில் ஆப்டிமஸ் பிரைம் செத்ததற்குக் காரணம் கதை அல்ல. பழைய பொம்மைகளைக் கடையிலிருந்து நகர்த்திப் புதியவற்றுக்கு இடம் விட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். தியேட்டரில் பிள்ளைகள் அழுதார்கள். ஒரு பொருள் சந்தையிலிருந்து விலக்கப்பட்டதற்காக அழுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. அடுத்த ஆண்டே அவனை உயிரோடு கொண்டுவந்தார்கள். இந்த உயிர்த்தெழுதலுக்கும் காரணம் கதை அல்ல.

அப்படிப் பிறந்த ஒன்றுக்கு மனசாட்சி உண்டாகுமா? உண்டாகும் என்பதற்கு நான் லேரி ஹாமாவைத்தான் காட்டுவேன். வியட்நாமில் அமெரிக்க ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். பொம்மை அட்டையின் பின்பக்கத்தில் அச்சாகும் குறிப்புகளில்கூட ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஊர், படிப்பு, சுபாவம் என்று எழுதினார். 1984-ல் 21-ஆம் இதழை ஒரு வசனமும் இல்லாமல் எழுதி வெளியிட்டார். காசுக்காக ஒப்புக்கொண்ட வேலைதான். அதற்காக அரைகுறையாகச் செய்யவில்லை. மார்வெல் 1994-ல் 155-ஆம் இதழோடு அதை நிறுத்தியது. 2010-ல் ஐடிடபிள்யூ மறுபடி தொடங்கியபோது முதல் இதழின் எண் 155½. அதே ஹாமா. 300 வரை போனார். உரிமம் கைமாறிய பிறகு 301-லிருந்து ஸ்கைபவுண்டிலும் அவரே எழுதினார்.

அந்த '½' எனக்குப் பிடிக்கவில்லை. நடுவில் போன பதினாறு வருடமும் போகவே இல்லை என்று பாவனை செய்கிறது. ஆனால் மறுக்கவும் முடியவில்லை, ஏனென்றால் அறுத்துக்கொண்டு போன வேலையை அதே ஆள் வந்து எடுத்திருக்கிறார். தச்சன் பாதியில் விட்ட கதவை அவனே வந்து முடிப்பதில் யாருக்கு என்ன புகார்?

இதற்கு நேர் எதிரான உதாரணம் 2012-ல் வந்த 'மோர் தேன் மீட்ஸ் தி ஐ'. எழுதியவர் ஜேம்ஸ் ராபர்ட்ஸ். இவர் முதலில் வாசகர். இந்த ரோபோக்களை வைத்து ரசிகராகத் தாமே ஒரு நாவல் எழுதியவர். போர் முடிந்துவிட்டது, இனி என்ன செய்வது என்று தெரியாத ரோபோக்கள் ஒரு கப்பலில் கிளம்புகின்றன. அதில் குரோம்டோம் என்றொருவன். அடுத்தவர் மூளைக்குள் ஊசியைவிட்டு நினைவுகளைத் திருத்துவது அவன் தொழில். தான் நேசித்த துணை சாகும்போதெல்லாம் தன் மூளையிலேயே ஊசியைச் செருகி அந்தத் துணையின் நினைவை அழித்துக்கொண்டு வந்திருக்கிறான். இப்போதைய துணை ரீவைண்ட், பார்ப்பதையெல்லாம் பதிவு செய்து வைத்துக்கொள்பவன். இரண்டும் எண்பதுகளில் கடையில் கிடந்த பிளாஸ்டிக் பொம்மைகள். ரீவைண்ட் ஒரு கேசட்டாக மடங்குவான். அந்தப் பொம்மைக்குள் இப்படி ஒரு துக்கம் இருக்கும் என்று அதைச் செய்தவர் யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். ராபர்ட்ஸ் பழைய கதையை மீறினார் என்றால், மீறினார்தான். என் கணக்கில் அந்த வரிசையில் வந்தவற்றில் படிக்கத் தகுந்தது இதுதான்.

நமக்குப் பக்கத்து உதாரணம் மாயாவி. பொம்மையில் பிறந்தவன் அல்ல, ஆனால் திரும்பி வருவதில் அவனுக்கு இணை கிடையாது. 1962-ல் பிரிட்டனின் 'வேலியண்ட்' இதழில் 'ஸ்டீல் கிளா' என்று தொடங்கி, 1972-ல் சிவகாசி முத்து காமிக்ஸில் 'இரும்புக்கை மாயாவி' ஆனான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும். மூன்று தலைமுறைத் தமிழர்களுக்கு அவன் தமிழன். 2012 ஜனவரியில் லயன் காமிக்ஸ் 'கம்பேக் ஸ்பெஷல்' போட்டு மீண்டு எழுந்தபோது நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் பட்ட சந்தோஷத்தை நான் அறிவேன். ஆனால் எழுதிய கென் பல்மரையும் வரைந்த ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோவையும் அந்தக் காலத்தில் மாயாவி படித்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பிரிட்டிஷ் இதழ்களிலேயே பெரும்பாலும் பெயர் போடமாட்டார்கள். பின்னாளில் ரெபெல்லியன் நிறுவனம் உரிமையை வாங்கித் தொகுப்பாகக் கொண்டுவந்தபோது அட்டையில் பெயர்கள் ஏறின. செத்தவர்களுக்குக் கூலி போகாவிட்டாலும் பெயராவது போனது. மீட்டெடுத்தல் என்ற காரியத்தில் எனக்கு மிகவும் மரியாதைக்குரிய பகுதி இதுதான்.

ஆக, கடமை கதைக்கல்ல, கதையைச் செய்தவர்களுக்கு என்று சொல்லி நிறுத்திவிடலாம். ஆனால் பிளாஸ்கோவோடு அந்தப் பட்டியல் முடிகிறதா?

எண்பதுகளில் காப்பாரில் எங்களுக்கு ஹீ-மேன் பொம்மை கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பொருள். கிள்ளான் கடையில் பார்க்கலாம், தொட முடியாது. காமிக்ஸ் அப்படியல்ல. பசார் மாலாமில் பழைய புத்தகம் சில சென்களுக்குக் கிடைக்கும். ஒன்றை ஏழு பேர் படிப்போம். கம்பெனி அதைப் பொம்மைக்கு விளம்பரமாக நினைத்தது. பொம்மை வாங்க வழியில்லாத எங்களுக்கு விளம்பரமே முழுப் பொருள்.

இன்று நிலைமை தலைகீழ். திரும்பி வரும் காமிக்ஸ்தான் பொம்மையாகிவிட்டது. ஒரே இதழ், பல அட்டைகள். வாங்கியவுடன் பிளாஸ்டிக் உறை. இன்னும் மேலே போனால் சிஜிசி போன்ற நிறுவனங்களுக்கு அனுப்பிப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று முத்திரை வாங்கிக் கெட்டிப் பெட்டிக்குள் அடைத்துவிடுகிறார்கள். அதற்கப்புறம் உடைக்காமல் படிக்க முடியாது. நண்பரின் பிள்ளைகள் அவர் அலமாரியைத் தொடக்கூடாது. சின்ன வயசைக் கெடுத்தது யார் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை வந்திருக்கும். அவர் கோபத்தில் எனக்குத் தெரிந்தது ஒரு சொந்தக்காரத்தனம். அந்தக் கதை தன்னோடு வளர்ந்து தன்னோடே முடிய வேண்டும், யாருடைய மகளும் டீலாவின் பின்னால் போய்விடக் கூடாது.

அவருடைய அலமாரியில் 1982-ஆம் வருடப் பொம்மை ஒன்று பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. பழைய ஹீ-மேன் பொம்மைகள் பல நாடுகளில் செய்யப்பட்டவை. முதுகைத் திருப்பிப் பார்த்தால் புடைப்பெழுத்தில் நாட்டின் பெயர் இருக்கும். ஏராளமானவற்றில் 'மலேசியா' என்றிருக்கும். பினாங்குப் பிறையில் மேட்டலின் தொழிற்சாலை இருக்கிறது. ஹாட் வீல்ஸ் கார்களின் அடியிலும் அதே சொல். நாங்கள் கண்ணாடி வழியாக ஏங்கிப் பார்த்ததை நம் நாட்டுப் பெண்களே பூட்டி, சாயம் அடித்து, கப்பலேற்றியிருக்கிறார்கள். பெட்டி பிரிக்காத பொம்மையில் அந்த முதுகை யாரும் பார்க்க முடியாது.

எங்கள் பெரியம்மா மகள் அப்படிப்பட்ட ஒரு பொம்மைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். தோட்டத்தில் பால்மரம் வெட்ட மாட்டேன் என்று பதினெட்டு வயதில் ஃபேக்டரி பஸ் ஏறிய முதல் தலைமுறை. எந்தப் பொம்மை என்று அவருக்கு நினைவில்லை. "பேரெல்லாம் யாருக்குத் தெரியும்? நம்மகிட்ட காலு வரும், பூட்டுவோம், போயிரும்."

கிள்ளானில் பழைய சாமான் கடையில் பெட்டி இல்லாத, சாயம் போன ஒரு ஹீ-மேனை வாங்கி அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். புத்தகங்களில் பல்மருக்குக் கிடைத்ததுபோல் அக்காவுக்கு எந்த அட்டையிலும் பெயர் வராது. அதைப் பற்றி அவரிடம் கொஞ்சம் பேசவும் செய்தேன். அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. பொம்மையின் ஒரு கால் தொளதொளவென்று ஆடிக்கொண்டிருந்தது. அதைத் திருகிப் பார்த்துவிட்டு, "உள்ள ரப்பர் இத்துப்போச்சு தம்பி" என்றார். பேரன் ஏற்கெனவே கையை நீட்டி நின்றுகொண்டிருந்தான். "இரு, இரு" என்று அவனைத் தள்ளிவிட்டு, ரப்பர் பேண்ட் தேட அடுப்படிக்குள் போனார்.