சோம்பேறி என்ற சொல்

சிலியாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் என் பாட்டி முப்பது வருஷம் மரம் சீவினார். விடியும் முன் பெரட்டுக்கு வராத ஆளைத் தண்டல் 'சோம்பேறி' என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், லயம் முழுக்க அதுவே அவர் பெயராகிவிடும் என்பார். அந்தப் பெயர் இப்போது எனக்கு.

எனக்கு இருபத்தெட்டு வயது. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவள். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, சோர்வு போகவில்லை. நாட்பட்ட சோர்வு நோய் என்றார் மருத்துவர். இது தூங்கினால் தீராது. சக்திக்கு மீறிக் கொஞ்சம் உழைத்தாலும் ஒன்றிரண்டு நாள் கழித்து ஆளைச் சாய்த்துவிடும். படுத்தே கிடந்ததில் பன்னிரண்டு கிலோ ஏறினேன்.

"காலையில எழுந்து நட, எல்லாம் சரியாயிடும்" என்றார் அத்தை. செம்பனைக் காட்டோரம் தினமும் அரை மணி நேரம் நடந்தேன். இரண்டாவது வாரம், குளியலறைக்குப் போகவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. அத்தையை மட்டும் குறை சொல்ல முடியாது. படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியை பிரிட்டனின் நைஸ் அமைப்பே 2007இல் இந்நோய்க்குப் பரிந்துரைத்தது. 2021இல்தான் அதைக் கைவிட்டது.

பிறகு ஒரு மோசமான மாதம். சமைக்கவும் மெல்லவும் தெம்பில்லாமல் ஆறு கிலோ போனது. தீபாவளிக்கு வந்த அத்தை பூரித்துப்போனார். "நல்லா இளைச்சிட்டியேடி! இப்பதான் பொறுப்பு வந்திருக்கு." அம்மா சமைத்துப் போட்டு உடம்பு தேறியதும் நான்கு கிலோ திரும்பியது; பொறுப்பும் போய்விட்டது போலும்! இப்போது தே தாரிக்கை விட்டு தே ஓ கோசோங், சோற்றைக் குறைத்து முட்டையும் பருப்பும். ஏழு மாதத்தில் நான்கு கிலோ. நான் கவனமாக இருந்து குறைத்த எடை இதுதான். இதை யாரும் பார்க்கவில்லை.

ஒருவரின் எடை அவரது குணத்துக்குச் சாட்சியா?

சையத் ஹுசேன் அலாத்தாஸ் 1977இல் வெளியிட்ட நூலில், மலாய்க்காரர்களுக்குச் 'சோம்பேறி' என்ற பெயர் எப்படி வந்தது என்று ஆராய்கிறார். அவர்கள் தங்கள் வயலில் உழைத்தார்கள்; காலனிய முதலாளியின் தோட்டத்துக்குக் கூலியாகப் போக விரும்பவில்லை. அதுதான் குற்றம். அந்தத் தோட்டங்களுக்கு வந்த நம்மவர்களை மலேரியாவும் கொக்கிப்புழுவும் ரத்தசோகையில் தள்ளின. பெரட்டில் நின்று பார்ப்பவருக்கு, ரத்தம் வற்றியவரும் வேலைக்கு வராதவர்தான். எனக்கு வேண்டிய உழைப்பை நீ தரவில்லை என்ற புகாரைத்தான் அந்தச் சொல் பெரும்பாலும் சொல்கிறது.

அப்படியென்றால் நான் சோம்பல்படுவதே இல்லையா? படுகிறேன். இன்றைக்குப் படுக்க வைத்தது நோயா சோம்பலா என்று சில நாள் எனக்கே தெரிவதில்லை. உள்ளே இருக்கும் எனக்கே தெரியாததை, வெளியே நிற்பவர் என் இடுப்பளவைப் பார்த்து எப்படித் தீர்ப்பு சொல்கிறார்? தெரியாதபோது தீர்ப்பைத் தள்ளிவைப்பதும் ஓர் ஒழுக்கம்தானே. நாம் அதிகம் பழகாத ஒழுக்கம்.

"நீங்க யாரையாச்சும் அப்படிக் கூப்பிட்டிருக்கீங்களா?" என்று பாட்டியிடம் கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. "கூப்பிட்டிருக்கேன்மா. பக்கத்து வீட்டு ஆளு. அடுத்த மழைக்குள்ள செத்துட்டாரு."