துயருற்றவன் துணையாகலாமா?

பரீட்சைக் காலம் நெருங்க நெருங்க உறக்கம் குன்றி, உணவில் விருப்பமற்று, கற்றதெல்லாம் மறந்துபோயிற்று என்னும் பீதியில் விடுதி அறைக்குள் ஒடுங்கிக் கிடக்கும் மாணவனை, அவனைவிட ஓரிரு வயதே மூத்தவனும் அதே பீதியை அனுபவித்தவனுமாகிய இன்னொரு மாணவன் தேற்ற முடியுமா என்னும் வினா, சர்வகலாசாலை நிர்வாகிகள் தீர்மானிக்க வேண்டிய விஷயமாக மட்டும் தோன்றலாம். ஆழ்ந்து நோக்கினால் அது புராதனமான தத்துவ வினாவே. துக்கத்தைக் கடந்தவன்தான் பிறர் துக்கத்தைத் தீர்க்க அதிகாரி என்றால், அந்தத் துக்கத்தில் தானும் பங்குடையவனுக்கு அங்கே என்ன வேலை?

தத்துவத்தை உணர்ந்தவரே குருவாக வேண்டும் என்பது நம் மரபு. குருடன் வழிகாட்டக் குருடர் பின்செல்லும் அவலத்தைக் கடோபநிஷத்து கண்டித்தும் இருக்கிறது. மாணவர்களே மாணவர்களுக்காக நடத்தும் மன அமைதிப் பயிலரங்குகளை ஐயுறுவோர், மனநூல் பயிலாத இளைஞனுக்கு என்ன தெரியும் என்று கேட்கும்போது, அறிந்தோ அறியாமலோ இந்த வாதத்தையே எடுத்தாளுகிறார்கள். வாதம் வலுவானது. ஆனால், அந்த உபநிஷத்தில் யமதர்மன் நசிகேதனிடம் அவ்வாறு பழித்துரைப்பது யாரை என்பதைக் கவனிக்க வேண்டும். அவித்தையில் உழன்றுகொண்டே தம்மை ஞானியரென்றும் பண்டிதரென்றும் மதித்துக்கொள்வோரையே அவன் பழிக்கிறான். குற்றம் அறியாமையில் இல்லை. அறியாமையை அறிவாகக் கருதும் அகங்காரத்தில் இருக்கிறது. விடை தனக்கும் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, ஆயினும் உன்னை விட்டுப் போகமாட்டேன் என்று பக்கத்தில் அமரும் தோழனை அந்தக் கண்டனம் தீண்டாது.

அத்தகைய தோழமையின் பயனை ஒரு நிகழ்ச்சி காட்டும். லண்டனில் செயிண்ட் ஸ்டீபன் வால்புரூக் தேவாலயத்தைச் சேர்ந்த சாட் வாரா என்னும் பாதிரியார், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தால் வருந்துவோர் தம்மை அணுகலாம் என்று 1953ஆம் ஆண்டில் அறிவித்தார். வந்தவர்கள் அவரைக் காணக் காத்திருந்த வேளையில், எந்தப் பட்டமும் பெறாத சாமானியத் தொண்டர்கள் அவர்களுக்குத் தேநீர் கொடுத்து, அருகமர்ந்து, சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காத்திருந்தவர்களில் பலர் தம்மைப் பார்க்காமலே மனச்சுமை குறைந்து வீடு திரும்புவதைக் கண்ட பாதிரியார், அடுத்த ஆண்டிலேயே கேட்கும் பணியை அத்தொண்டர்களிடம் ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் என்னும் இயக்கம் இப்படித்தான் வளர்ந்தது. 1970இல் எஸ்ஸெக்ஸ் சர்வகலாசாலையில், இரவெல்லாம் மாணவர்கள் விழித்திருந்து மாணவர்களின் குரலைக் கேட்கும் நைட்லைன் என்னும் சேவை தோன்றியது. உபதேசம் செய்யாமை, குற்றம் காணாமை, கேட்டதை வெளியிடாமை ஆகியவை அதன் விரதங்கள். சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் சிநேகா என்னும் ஸ்தாபனமும் தொண்டர்களின் செவியை நம்பியே நிற்கிறது.

கேட்பதே முதல் உதவி என்னும் இவ்வுண்மை கீதையின் அமைப்பிலும் பொதிந்திருக்கிறது. முதல் அத்தியாயத்தில் அர்ஜுனன் தன் விஷாதத்தையெல்லாம் கொட்டித் தீர்க்கையில், பகவான் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவன் குழம்பித் தெளிவின்றிச் சீடனாகித் தானே வேண்டிய பின்னரே விரிவான உபதேசம் பிறக்கிறது. சர்வமும் அறிந்தவரே முதலில் தோழராக இருந்து கேட்டார் என்றால், ஏதும் அறியாத நாம் கேட்பதற்கு முன் பேசத் துணிவது தகுமா? தோழமையின் பெருமையைப் பௌத்தமும் சொல்கிறது: நல்ல நட்பு புனித வாழ்க்கையில் பாதி என்று கூறிய சீடர் ஆனந்தரை, பாதியல்ல, முழுமையுமே அதுதான் என்று புத்தர் திருத்தியதாகப் பாலி சூத்திரம் ஒன்று கூறுகிறது.

துக்கத்திலும் அகங்காரத்துக்கு இடமுண்டு. எல்லோருக்கும் புரிகிற பாடம் எனக்கு மட்டும் புரியவில்லை, எல்லோரும் தேறுகிற இடத்தில் எனக்கு மட்டும் அரியர் விழுகிறது என்று அது துக்கத்தையும் தன் தனிச் சொத்தாக்கிக்கொள்கிறது. பயிலரங்கில் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக அமர்ந்து பேசும்போது, வீட்டு நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டிய தாயின் முகம் நினைவில் வந்து உறங்கவிடாதது தன்னை மட்டுமன்று என்று குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த மாணவன் அறிகிறான். மூச்சை மெல்ல நீட்டி விட்டு நெஞ்சின் படபடப்பைத் தணிப்பதும், பாடத்தைச் சிறு பகுதிகளாக வகுத்துக்கொள்வதும், இரவுறக்கத்தைக் கெடுத்தால் நினைவாற்றலும் கெடும் என்று உணர்வதும் அங்கே கற்கத் தக்கவையே. ஆயினும் முதன்மையான பயன், நான் ஒருவனே என்னும் அந்த மயக்கம் கலைவதுதான்.

தோழமைக்கும் எல்லை உண்டு. வாழ விருப்பமில்லை என்று ஒருவன் சொல்லும்போது, அதை ரகசியமாகக் காப்பது நட்பின் தர்மமாகாது. தனியே விடாமல் அவனை மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ சேர்ப்பதே தர்மம், அவ்வாறு செய்வோம் என்பதைப் பயிலரங்கின் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுவதே நேர்மை. டெலி மானஸ் என்னும் அரசு உதவிச் சேவை 14416 என்ற எண்ணில் 2022 முதல் கிடைக்கிறது. இந்த எண் ஒவ்வொரு விடுதிச் சுவரிலும் இருக்க வேண்டும். அந்த 2022ஆம் ஆண்டில் மட்டும் 13,000க்கும் மேற்பட்ட மாணவர்களை நாடு தற்கொலையில் இழந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிந்திருக்கிறது. ஆகவே, மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதைச் சாக்காகக் கொண்டு, நிர்வாகம் ஆலோசகர்களை நியமிக்காமல் இருப்பதும், சாதியின் பேராலும் மொழியின் பேராலும் அவமதிக்கப்பட்டவனுக்கு நீதி வழங்காமல் பொறுமையை மட்டும் போதிப்பதும் பாவமே.

துயருற்றவனும் துணையாகலாம். தன்னை ஞானியாகப் பாவிக்காத வரையில், அவனுடைய துயரமே அவனுக்குத் தகுதி. சர்வகலாசாலைகள் இத்தகைய மாணவர்களுக்கு முறையான பயிற்சியும், பின்னே துணை நிற்க ஆலோசகர்களையும் அளிக்கட்டும். மாணவர்களாகிய நீங்களோ அதற்காகக் காத்திராமல், சில நாளாகக் கதவடைத்துக் கிடக்கும் பக்கத்து அறைத் தோழனிடம் இன்றே சென்று, சாப்பிட்டாயா என்று கேளுங்கள்; பிறகு அவன் பேசட்டும்.