மற்றப் படகில் இருப்பவர்கள்



இன்றைய நற்செய்தி லூக்கா ஐந்தாம் அதிகாரம். இரவு முழுக்க வெறும் வலை இழுத்துவிட்டு, விடிய வலை அலசுகிறவர்களைப் பாலமீன்மடுவிலும் நாவலடியிலும் தினமும் பார்க்கிறீர்கள். அதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நான் சொல்ல வந்தது அதற்குப் பிந்திய பகுதி. இயேசு சொன்னபடி சீமோன் மறுபடி வலை போட, மீன் நிறைந்து வலை கிழியப் பார்க்கிறது. உடனே மற்றப் படகில் இருந்த தோழர்களுக்குச் சைகை காட்டுகிறார்கள். அவர்களும் வர, இரண்டு படகும் தாழுமளவுக்கு நிரம்புகின்றன.

நம் வாவிக்கும் இரண்டு கரை: எழுவான்கரை, படுவான்கரை. மாரி மழை கொட்டி வாவி பெருகும்போது முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தால், படுவான்கரையில் வேளாண்மை தண்ணீருக்குள் போய்விடும். ‘இன்றைக்கே முகத்துவாரத்தை வெட்டுங்கள்’ என்பார்கள் அங்குள்ள விவசாயிகள். ‘அவசரப்பட்டு வெட்டினால் இறாலும் மீனும் தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும்’ என்பார்கள் வாவியை நம்பிப் பிழைப்பவர்கள். பிறகு கச்சேரியில் கூட்டம். இரண்டு பகுதியும் பொய் சொல்வதில்லை. ஒவ்வொரு பகுதியும் தன் வயிற்றைப் பற்றி மட்டும் சொல்கிறது, அவ்வளவுதான். அந்த நெல்லும் இந்த மீனும் கடைசியில் ஒரே கோப்பையில்தான் வந்து சேர்கின்றன.

2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அங்கே ‘பாதை’ என்ற மிதவையில் ஏறித்தான் கரை கடந்தோம். யுத்த காலத்தில் அந்தக் கடப்பு எப்படி இருந்தது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். இன்று மோட்டார் சைக்கிளில் சில நிமிடம். ஆனால், ‘பாதை’க்குக் காத்து நின்ற நேரத்தில் பேசிக்கொண்ட அளவுக்கு இப்போது பேசுகிறோமா என்பது எனக்குச் சந்தேகம். கல்லடிப் பாலத்தடியில் துடுப்பைத் தண்ணீரில் வைத்து, மறுமுனையில் காதை வைத்து மீன் பாடுவதைக் கேட்கத் தெரிந்த ஊர் நாம். அக்கரை மனிதன் சொல்வது மட்டும் ஏன் காதில் விழுவதில்லை?

சீமோன் கூப்பிட்டது பிச்சைக்காரரை அல்ல, தொழிலில் கூட்டாளிகளான யாக்கோபையும் யோவானையும். மீன் மிஞ்சிய பிறகு கொடுத்த தருமமும் அல்ல அது. அவர்கள் வராவிட்டால் சீமோனுக்கும் மீன் இல்லை, வலையும் இல்லை.

மீனவர் சங்கத்திலும் விவசாய அமைப்புகளிலும் பொறுப்பில் இருப்பவர்கள் இந்தத் திருப்பலியில் இருக்கிறீர்கள். வரும் மாரிக்கு முகத்துவாரக் கூட்டத்துக்குப் போகுமுன், ஒருநாள் அக்கரைக்குப் போய் அவர்கள் வயலையும் தோணியையும் பார்த்துவிட்டு வாருங்கள்.