பிறர் பெருநாளில் மகிழ்தல்: கல்முனைப் பாடசாலை மாணவரை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

மட்டக்களப்புக்குத் தெற்கே, கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டுள்ளன. பெரியநீலாவணையைக் கடந்தால் மருதமுனை. அதனைக் கடந்தால் பாண்டிருப்பு. பின்னர் கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் இடையிட்டு வரும் இவ்வரிசையில் ஓர் ஊரின் பாங்கோசை அடுத்த ஊருக்குங் கேட்கும். அவ்வூரின் கோயில் மணி இவ்வூருக்குங் கேட்கும். இவ்விரு பெருஞ் சமூகங்களுக்கிடையே, தொகையிற் சிறியோராய், கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் வாழ்கின்றனர். டிசம்பர் மாதத்தில் அவர்களது இல்ல வாயில்களில் தாள் நட்சத்திரங்கள் தொங்கும். அவ்வழியே பாடசாலைக்குச் செல்லும் முஸ்லிம் மாணவன் ஒருவனுக்கு, பதினைந்து பதினாறு வயதினனுக்கு, அந்நட்சத்திரம் எதனைக் குறிக்கின்றது? அது வெறும் அலங்காரமா? அயலவரின் மகிழ்ச்சியா? அன்றி, விலகி நிற்க வேண்டிய ஒன்றா?

வினா சிறிதாகத் தோன்றினும் அதனுள் அறவியலின் பழைய சிக்கலொன்று அடங்கியுள்ளது. பிறர் ஒரு காரணத்தால் மகிழ்கின்றனர்; அக்காரணத்தை ஏற்காத ஒருவர் அம்மகிழ்ச்சியில் மனமொப்பிப் பங்குகொள்ளல் கூடுமா? கூடுமெனின், அது போலித்தனமாகாதா? கூடாதெனின், பல மதத்தார் ஒரு தெருவில் வாழ்வது எவ்வாறு?

‘நத்தார்’ என்னும் சொல் போர்த்துக்கேயரோடு இலங்கைக்கு வந்தது. பிறப்பு என்பதே அதன் பொருள். வகுப்பறையில் மாணவர் அமரும் ‘வாங்கு’ என்பதும் போர்த்துக்கேயச் சொல்லே. பண்டிகையின் பெயரும் இருக்கையின் பெயரும் ஒரே கப்பலில் வந்திறங்கியவை எனலாம். மொழியியலார் இதனை ஒரு தற்செயல் என்பர். ஆயினும் நத்தாருக்கும் வாங்குக்கும் உள்ள தொடர்பு சொல்லளவில் மட்டும் நிற்பதன்று என்பதே இக்கட்டுரை கூறவருவது. இளைஞனொருவனுக்கு நத்தாரின் பொருள் டிசம்பர் 25ஆம் நாளன்று தீர்மானிக்கப்படுவதில்லை. அவனது வாங்கில் அவனுக்கருகே ஆண்டு முழுவதும் யார் அமர்ந்திருந்தார் என்பதே அதனைத் தீர்மானிக்கின்றது.

பாடசாலையின் நாளாந்த வாழ்வை முதலில் நோக்குதல் தகும். இலங்கையில் சமயம் ஒரு கட்டாய பாடம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு மாணவர் தத்தம் சமயத்தையே எழுதுவர். பல சமயத்தார் கற்கும் பாடசாலையில் அந்தப் பாடவேளை வந்ததும் வகுப்பு பிரியும். கணிதத்தில் ஒன்றாக விடை தேடியவர்கள், ஒருவர் கொப்பியை ஒருவர் பார்த்தெழுதியவர்கள், நாற்பது நிமிடங்களுக்கு வெவ்வேறு அறைகளுக்குரியோர் ஆவர். பெரும்பான்மையோர் வகுப்பிலேயே இருப்பர்; சிறுபான்மையோர் எழுந்து வெளியே செல்வர். கிறித்தவ மாணவி ஒருத்தி தன் வகுப்பில் இருவருள் ஒருத்தியாகவோ மூவருள் ஒருத்தியாகவோ இருப்பின், அவளுக்கெனச் சமய ஆசிரியர் இருத்தலும் அரிது. நூலகத்தின் ஒரு மூலையில் பாடநூலை விரித்துவைத்திருந்துவிட்டு, எஞ்சியதை ஞாயிறு மறைக்கல்வியிற் கற்றுக்கொள்ள வேண்டியவளாகின்றாள். தான் பிறரினின்றும் வேறானவள் என்பதை அவள் அறிவது நத்தார் நாளிலன்று, வாரந்தோறும் அப்பாடவேளையிலேயாம்.

நத்தார் நாளில் அவள் வேறொன்றை அறிகின்றாள். தமிழ்ப் பாடசாலைகளில் நவராத்திரிக்கு வாணி விழாவும் ஆண்டிறுதியில் ஒளி விழாவும் நடைபெறும். முஸ்லிம் பாடசாலைகளில் மீலாத் விழா. ஒளி விழாவன்று பாலன் குடில் அமைப்பது எப்படியென்று மற்றவர்கள் அவளிடமே கேட்பர். ஆண்டு முழுவதும் வெளியே அனுப்பப்பட்டவள் அன்று நடுவே அழைக்கப்படுகின்றாள். ஆட்டிடையர் வேடத்துக்கும் மூவரசர் வேடத்துக்கும் கிறித்தவ மாணவர் போதாமையால், திருநீறணிந்த மாணவர் தலைப்பாகை கட்டிக்கொள்வர். இதனை மதக் கலப்பென்று அஞ்சுவோரும் உளர். வெறும் நாடகமென்று புறக்கணிப்போரும் உளர். இரண்டும் மிகையே. வேடமிட்டவன் கிறித்தவனாவதில்லை, ஆயினும் அடுத்தவருக்குப் புனிதமான ஒரு கதையைத் தன் உடம்பால் ஒருமுறை நடந்து பார்த்தவனாகின்றான்.

பரீட்சையையும் இங்குக் குறிப்பிடாது விடலாகாது. கொரோனாத் தொற்றினால் 2020ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2021 மார்ச்சுக்குத் தள்ளிப்போகும்வரை, நெடுங்காலம் சாதாரண தரப் பரீட்சை டிசம்பரிலேயே நடந்துவந்தது. ஆகவே பல தலைமுறை மாணவர்க்கு, எச்சமயத்தவராயினும், நத்தார் என்பது இறுதி வினாத்தாளுக்கு அடுத்து வந்த விடுதலை நாளாகவும் அமைந்தது. இறையியலார் இதனைப் பொருட்படுத்தமாட்டார்; பதினாறு வயதினர் நன்கறிவர்.

இனி வாழ்த்துச் சிக்கலுக்கு வருவோமாயின், இஸ்லாமிய அறிஞரிடையே இதில் ஒருமித்த கருத்தில்லை. பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னுல் கையிம், பிறமதத்தாரின் சமயப் பண்டிகைக்கு வாழ்த்துக் கூறுதல் அவர்தம் கொள்கைக்கு உடன்பாடு தெரிவிப்பதாகும் எனக் கருதி அதனை விலக்கினார். 2022இல் மறைந்த யூசுப் அல்-கர்ளாவி, தம்மோடு பகைமை பாராட்டாத பிறமதத்தாருக்கு நன்மை செய்தலைத் திருக்குர்ஆனின் அறுபதாம் அத்தியாயம் தடுக்கவில்லை என்பதை அடிப்படையாகக் கொண்டு, வாழ்த்துரைத்தலை அனுமதித்தார். முன்னவரின் கூற்றை வெறும் குறுகிய மனப்பான்மை என்று ஒதுக்குதல் எளிது. ஆயின் அதில் மெய்யியல் சார்ந்த ஓர் அக்கறை உண்டு. சொல் மனத்துக்கு மாறாக இருத்தல் கூடாது என்பதே அவ்வக்கறை.

ஒக்ஸ்போர்ட் மெய்யியலாளர் ஜே. எல். ஒஸ்ரின், 1962இல் வெளிவந்த தம் சொற்பொழிவுகளில், எல்லாக் கூற்றுகளும் உண்மை, பொய் என்னும் அளவைக்கு உட்படுவன அல்ல என்று காட்டினார். வாக்களித்தல், மன்னிப்புக் கேட்டல், வாழ்த்துதல் முதலியன ஒன்றை எடுத்துரைப்பன அல்ல, ஒன்றைச் செய்வன. இதன்படி வாழ்த்துரைத்தவன் கிறித்துவின் இயல்பு பற்றி எதனையும் வலியுறுத்தினான் அல்லன். ஆனால் ஒஸ்ரின் அத்தோடு நிற்கவில்லை. மனத்தில் மகிழ்ச்சியின்றி வாழ்த்துபவன் வாழ்த்தியவனே ஆயினும் அச்செயலைப் பழுதுபடுத்தியவன் ஆகின்றான். ஆக, வாழ்த்தில் பொய் இல்லையெனினும் போலி உண்டு. இப்னுல் கையிமின் ஐயம் வேறொரு வாயிலால் மீண்டும் உள்ளே வருகின்றது.

எதிர்வாதியின் வலுவான கேள்வி இது: பொய்ச் செய்தியொன்றைக் கேட்டு நண்பன் துள்ளி மகிழ்ந்தால், அவனை வாழ்த்துவதா, திருத்துவதா? திருத்துவதே நட்பு. அவ்வாறாயின், தவறென்று தான் கருதும் ஒரு நம்பிக்கையால் மகிழும் நண்பனை ஒருவன் எவ்வாறு வாழ்த்துவான்?

இதற்கு விடை இருவகையால் அமையும். முதலாவது, முஸ்லிம் மாணவனுக்கு இப்பிறப்பே பொய்ச் செய்தியன்று. திருக்குர்ஆனின் பத்தொன்பதாம் அத்தியாயம் மர்யம் என்னும் பெயராலேயே வழங்குகின்றது. பேரீச்ச மரத்தடியில் அவ்வன்னை பட்ட வேதனையும், அயலார் பழித்தபோது தொட்டிற் குழந்தை பேசியதும் அங்குக் கூறப்பட்டுள்ளன. மக்காவில் துன்புறுத்தப்பட்ட முஸ்லிம்கள் அபிசீனியாவிற் புகலிடந் தேடியபோது, கிறித்தவ மன்னர் நஜ்ஜாஷியின் அவையில் ஜஃபர் ஓதிக்காட்டியது இவ்வத்தியாயத்தையே என்பது வரலாறு. அகதிகளாய் நின்றோர் தமக்கும் அம்மன்னருக்கும் பொதுவாயிருந்ததையே முதலில் எடுத்துரைத்தனர். பின்னர் கேட்கப்பட்டபோது, ஈஸா நபி இறைவனின் அடியாரே என்னும் தம் கொள்கையை மறைத்தாருமிலர். பொதுமை பேசுவோர் பெரும்பாலும் இப்பின்பகுதியைச் சொல்லாது விட்டுவிடுகின்றனர். வேற்றுமையை மூடி மறைத்துக் கூறும் வாழ்த்து உபசாரமே, நட்பாகாது.

இரண்டாவது, பண்டிகை என்பது தனியொரு கோட்பாடு அன்று. நள்ளிரவு ஆராதனையும், கொழும்பிலிருந்து பஸ்ஸேறி வந்த தகப்பனும், புதுச்சட்டையும், அயல்வீடுகளுக்குத் தட்டிற் செல்லும் கேக்கும் பலகாரமும் சேர்ந்ததே அது. அத்தட்டு நோன்புப் பெருநாளன்று வட்டிலப்பத்தோடு திரும்பி வரும். நண்பனின் தகப்பன் வீடு வந்ததற்கு மகிழ எந்த இறையியல் உடன்பாடும் வேண்டியதில்லை. ஆயின் அவ்வாறு மகிழ ஒன்று வேண்டும்: தகப்பன் இத்தனை மாதம் வீட்டில் இல்லை என்பதை அறிந்திருத்தல். அவ்வறிவு நத்தாரன்று கிடைப்பதில்லை. இடைவேளையில், மைதானத்தில், வீட்டுக்குத் திரும்பும் வழியில் கிடைப்பது. அறிமுகமற்றவனுக்குச் சொல்லும் வாழ்த்திலேதான் போலி நுழைகின்றது.

இவ்வாறு பிறர் இல்லத்து அறிவைப் பெற்றும் தம்மை இழவாதோருக்கு இக்கரையிலேயே சான்றுண்டு. காரைதீவில் 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகள் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், பின் மட்டக்களப்பில் இயேசு சபையினரின் புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்றவர். அக்கல்லூரியிலேயே ஆசிரியராகவும் இருந்தவர். எத்தனை ஒளிவிழாக்களின் முன்னோடிகளை அவர் கண்டிருப்பாரோ! இராமகிருஷ்ண மடத்துத் துறவியானதற்கு அக்கல்வி தடையாகவில்லை. யாழ்ப்பாணத்து முஸ்லிமாகிய ஏ. எம். ஏ. அசீஸ் கற்றது வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் இந்துக் கல்லூரியிலும். 1942இல் அவர் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தபோது அடிகளாரோடு நெருங்கிப் பழகினார். முஸ்லிம்களின் கல்வி மேம்பாட்டுக்கு அவர் ஆற்றிய பணி யாவரும் அறிந்ததே. கிறித்தவப் பாடசாலையிற் கற்ற சைவரும் சைவப் பாடசாலையிற் கற்ற முஸ்லிமும் கல்முனையிற் சந்தித்தனர். இருவரும் தத்தம் சமயத்தில் மேலும் ஊன்றினரேயன்றித் தளர்ந்தாரல்லர்.

மிஷன் பாடசாலைகளுக்கு மதமாற்ற நோக்கமே இருந்ததில்லை என வாதிடுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் அரசு உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றதற்கு நியாயங்கள் இருந்தன. ஆனால் அடுத்து வந்த காலத்தில் முஸ்லிம் பாடசாலை, தமிழ்ப் பாடசாலை என்னும் பிரிவு இறுகியது. 1985இலும் 1990இலும் இக்கரையில் ஓடிய குருதி அதனை மேலும் இறுக்கியது. முஸ்லிம் பாடசாலைகளின் விடுமுறை நோன்பு மாதத்தைச் சார்ந்தது. ஏனையவற்றின் நாட்காட்டி வேறு. இதனால், மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ கற்கும் இளைஞன் ஒருவன் பதின்மூன்று ஆண்டுப் பள்ளிவாழ்வில் ஒரு கிறித்தவனோடும் ஒரே வாங்கில் அமராது வெளியேறல் கூடும். அவனுக்கு நத்தார் என்பது தொலைக்காட்சியிற் காணும் பனியும் சிவப்பு அங்கியணிந்த கிழவரும். அன்றேல், வாழ்த்தலாமா கூடாதா என்னும் விவாதம். முகமில்லாத பண்டிகைக்கு இவ்விரண்டே எஞ்சும். விந்தை யாதெனின், அரசு பிரித்த மாணவரைக் கல்முனை நகரின் தனியார் வகுப்புகள் ஓரளவு சேர்த்துவைக்கின்றன. நல்ல இரசாயன ஆசிரியர் யாரென்பதில் மதபேதம் இல்லை.

முகமில்லாமையின் விலை எத்தகையது என்பதை இருநாள்கள் காட்டின. 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள். ஞாயிறும் பௌர்ணமியுமாய் வாய்த்த விடுமுறைக் காலை. பலகாரம் தீராத வீடுகளையும், நத்தாரோடு தொடர்பேயற்ற வீடுகளையும் கடல் ஒருசேரக் கொண்டுபோயிற்று. இலங்கையில் மாண்ட முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் அம்பாறை மாவட்டத்தினர். அதன்பின் பிறந்த மாணவருக்கு இக்கரையில் நத்தார் தனித்து வருவதில்லை, மறுநாட்காலை 9.25க்குத் தொடங்கும் இரண்டு நிமிட மௌனத்தோடு சேர்ந்தே வருகின்றது.

மற்றையது 2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு வழிபாட்டின்போது மூன்று தேவாலயங்கள் தாக்கப்பட்டன. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தோரில் பலர் சிறுவர். ஐந்து நாட்களின் பின் சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் மறைந்திருந்தோர் வெடிவைத்துத் தம்மையும் தம் பிள்ளைகளையும் அழித்தனர். அவ்வீட்டினர் மீது ஐயங்கொண்டு முதலில் தகவல் கொடுத்தோர் அவ்வூர் முஸ்லிம்களே என்பது பலரால் மறக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் தேவாலய வாயில்களில் ஆயுதக் காவல் நின்றது. அந்நத்தாரன்று தன் நண்பனுக்கு வாழ்த்துக் கூற விரும்பிய முஸ்லிம் மாணவனின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவன்முன் நின்ற தடை இப்னுல் கையிமின் விலக்கு மட்டுமன்று. தன் வாழ்த்து ஒரு சமூகத்தின் மன்னிப்புக் கோரலாகக் கொள்ளப்படுமோ என்னும் கூச்சமும் ஆகும். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்பது அவன் கடனன்று. பேசாதிருப்பினோ, அம்மௌனம் வேறுபொருள் கொள்ளப்படும். முன்பே நண்பனைப் பெற்றிருந்தவனுக்கு மட்டும் இவ்விக்கட்டு இல்லை. அவன் வழக்கமாய்க் கூறுவதையே கூறியிருப்பான்.

சந்திர ஆண்டு சூரிய ஆண்டினும் ஏறத்தாழப் பதினொரு நாள் குறைந்ததாகையால், முஸ்லிம்களின் பெருநாட்கள் முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கொருமுறை டிசம்பரைச் சுற்றிவரும். 2000ஆம் ஆண்டின் நத்தார் நோன்பு மாதத்தின் இறுதி நாட்களில் வந்தது. 2015இல் மீலாத் தினமும் நத்தாரும் அடுத்தடுத்த நாட்களாயின. தேவாலயத் தெருவிலும் பள்ளிவாசல் தெருவிலும் மின்விளக்குகள் ஒரே வாரத்தில் எரிந்திருக்கும். 2030 டிசம்பர் இறுதியில் நோன்பு மாதம் மீண்டும் நத்தாரை எட்டும். அன்று பதினாறு வயதினராய் இருக்கப்போகும் மாணவர் இப்போது கல்முனைப் பாடசாலைகளின் கீழ்வகுப்புகளில் கற்கின்றனர். காலை ஏழரை மணிக்கு ஒரே பெருந்தெருவால் வந்து, வெவ்வேறு வாயில்களால் உட்செல்கின்றனர்.