தூண்டிலும் சீலமும்



சென்ற பௌர்ணமியன்று சாம்பியன் ரீப்ஸில் பஞ்சசீலத்தை விளக்கி முடித்தபோது இளைஞரொருவர் எழுந்தார். "ஐயா, பேத்தமங்கலம் பக்கத்துச் சிற்றேரியில் குஞ்சு விட்டு வளர்த்த கட்லாவும் ரோகுவும் உண்டு. விடுமுறை நாளில் அங்கே தூண்டில் போடுகிறேன். அகப்பட்டதைக் கொல்வதில்லை, முள்ளை எடுத்துத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறேன். இதனால் சீலம் கெடுமோ?" என வினவினார்.

இவ்வழக்கம் புதிதன்று. இங்கிலாந்தில் சால்மனும் டிரவுட்டும் நீங்கலான நன்னீர் மீன்களைக் குளங்களில் விட்டு வளர்த்து, தூண்டிலிற் பிடித்து, எடை பார்த்து, உயிரோடு விடுவது பெரும் பொழுதுபோக்கு.

உயிர்க்கொலைக்கு ஐந்து அங்கங்கள் உண்டென்பர் உரையாசிரியர்: உயிர் இருத்தல், அதனை உயிரென அறிதல், கொல்லும் எண்ணம், முயற்சி, அதனால் விளையும் சாவு. இளைஞரிடம் கொல்லும் எண்ணமில்லை. ஆகவே முதற் சீலம் முறிந்ததென்று நாம் சொல்லோம். ஆயினும் சீலம் முறியாமை வேறு. கருணை நிறைதல் வேறு.

சாவத்திக்கும் சேதவனத்துக்கும் இடையே சிறுவர் மீன் பிடிக்கக் கண்ட பகவன் அவர்களை வைதாரில்லை. துன்பம் உங்களுக்கு அச்சந் தருவதோ என்றே கேட்டாரென உதானம் கூறும்.

மீனுக்கு நோவேது என்பாருமுளர். 2003இல் ஸ்காட்லாந்தில் லின் ஸ்னெடனும் உடன் ஆய்ந்தோரும் டிரவுட் மீனின் தலைப்பகுதியில் ஊறுணரும் நரம்புகள் உண்டென வெளியிட்டனர். முள் தைப்பதும் அங்கேயன்றோ? உலர்ந்த கையாற் பற்றினால் மேனியைக் காக்கும் வழுவழுப்பு உரிந்து நோய் புகும். விட்ட மீனெல்லாம் பிழைத்த மீன் அன்று.

நாமும் குற்றமற்றவரல்லோம். தங்கக்கல் அரைக்கும் ஆலையில் உழைத்தோம். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபின், அடுப்பெரியாத நாட்களில் அதே கரையில் தூண்டிலோடு அமர்ந்தோம். பிடித்ததைப் பிள்ளைகள் உண்டனர், அதனை மறைக்கவில்லை. ஆனால் ஒருநாள் வீட்டில் அரிசி இருந்தும் கை தூண்டிலைத் தேடிற்று. முள் நம் மனத்திலும் தைத்திருந்ததை அன்றே அறிந்தோம். இலாபமும் புகழும் மாரன் வீசும் இரை கோத்த தூண்டில் என்று பகவன் உவமித்ததன் பொருளும் அன்றே விளங்கிற்று.

ஆதலின் அவ்விளைஞர்க்கு நாம் சொன்னது இது: "தம்பி, உமக்கு வேண்டியது மீனா, கரையின் அமைதியா? அமைதியெனில், அடுத்த முறை தூண்டிலை வீட்டில் வைத்து, ஒருபிடி பொரியோடு செல்லும். மிதவையை நோக்கிய கவனத்தால் மூச்சை நோக்கும். மீன் வரும், உண்ணும், போகும். அதற்கும் உமக்கும் இடையே கயிறு இராது."

பசிக்குப் பிடிப்போரைப் பழித்தல் வேண்டா. அவர்க்கு வேறு பிழைப்புத் தேடித் தருவதே நம் கடன்.

சகல சீவர்களும் சுகமெய்துக!